பான்சோடான் தெருப் பழைய புத்தக வரிசை: எதை நம்பி வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ரங்கூனில் பழைய புத்தகம் என்றால் பான்சோடான் தெருதான். வெள்ளைக்காரன் காலத்தில் இதற்குப் பேயர் தெரு என்று பெயர். தெற்கு முனையில் டாலா போகும் படகுத்துறை. அங்கிருந்து வடக்கே நடந்தால் மகா பண்டுல ரோடு வருவதற்குள் நடைபாதைக் கடைகள் கண்ணில் படத் தொடங்கும். பக்கத்து 37-ஆம் தெருவையும் இதோடு சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மரத்தட்டு, மடக்கு மேசை, சில இடங்களில் வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. பர்மியப் புத்தகம்தான் பெரும்பான்மை, அடுத்தது ஆங்கிலம். தமிழ் எப்போதாவது அடியில் சிக்கும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். வரலாறு, மொழி, இலக்கியம் வாங்க ஐந்துக்கு நாலரை. சமையலுக்கு மூன்று. மருத்துவம், மின்சாரம், சட்டம், கம்ப்யூட்டர் என்றால் ஒன்றரைக்கு மேல் கொடுக்க முடியாது. கடைக்காரர் வந்ததை விற்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துத் துறைப் புத்தகமும் ஒரே விரிப்பில் கிடக்கிறது, நாமும் பத்தையும் ஒரே கண்ணால் பார்த்து, அட்டை நன்றாக இருக்கிறதா, விலை மலிவா என்று இரண்டே கேள்வியோடு வாங்கிவிடுகிறோம். காசு போவது அங்கேதான். அகராதியில் பார்க்க வேண்டியது வேறு, முதலுதவிப் புத்தகத்தில் பார்க்க வேண்டியது வேறு.

பலதுறை அறிவு நூல்களுக்குப் பர்மியர்களிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: 'துத பதேதா'. கேட்டது எல்லாம் காய்க்கும் மரம் போல எல்லாமும் உள்ள அறிவு என்கிற மாதிரிப் பொருள். 1947-இல், பர்மாவின் பிரதமராக இருந்த ஊ நு முன்னின்று தொடங்கிய பர்மா மொழிபெயர்ப்புக் கழகம் பிறகு சாப்பே பெய்க்மான் ஆனது. அதன் இலக்கியப் பரிசுகளிலும் தேசிய இலக்கியப் பரிசுகளிலும் இந்தத் துத பதேதாவுக்குத் தனிப் பிரிவே உண்டு. கடையில் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் நாவல் குவியலை விட்டுச் சரியான குவியலைக் கடைக்காரரே காட்டுவார். துறைவாரி அடுக்கு என்று எதுவும் இல்லை, எல்லாம் அவர் மனக்கணக்கு. வயதானவரானால் 'ஊலே' என்று கூப்பிட்டு, வேண்டிய பொருளை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். தலைப்பும் ஆசிரியரும் முழுதாகச் சொல்வதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

எந்தத் துறையானாலும் முதல் மூன்று நிமிடம் புத்தகத்தின் உடம்பைப் பாருங்கள். முதுகின் மேல் நுனியை வெளிச்சத்தில் பிடித்தால் கட்டு எப்படி என்று தெரிந்துவிடும். தாள்கள் எட்டு, பதினாறு பக்கக் கொத்துகளாக மடிந்து, நடுவில் நூல் ஓடினால் தைத்த கட்டு. கொத்தே இல்லாமல் ஒரே நேர்கோடாகப் பசை மட்டும் தெரிந்தால் ஒட்டுக் கட்டு. ரங்கூனின் ஏப்ரல் வெயிலில் சில வருடம் கிடந்த பசை காய்ந்து கண்ணாடி போல விறைத்துவிடும், நடுப்பக்கத்தை விரித்த உடனே 'டக்' என்று முதுகு விடும். வாங்குமுன் நடுவில் ஒரு முறை மெதுவாக விரித்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கம்பித்தையல் போட்ட மெல்லிய புத்தகங்களில் துருதான் எமன். கம்பியைச் சுற்றிப் பழுப்பு வட்டம் இருந்தால் நடுத்தாள் இன்னும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

தாள் எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று அறிய நூலகர்கள் பக்க முனையை முன்னும் பின்னும் மடித்துப் பார்ப்பார்கள். நாலு தடவை மடிப்பதற்குள் முனை கையோடு வந்தால் அந்தத் தாளைப் படிக்கலாம், ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தக் கூடாது. ஏற்கெனவே கிழிந்த முனையில் செய்யுங்கள், விற்கிறவர் புத்தகத்தைப் புதிதாகக் கிழிக்க வேண்டாம். 1970, 80-களின் பர்மிய அச்சுகளில் தாள் பெரும்பாலும் மட்டம். அதே வயதுள்ள வெளிநாட்டுப் புத்தகம் பக்கத்திலேயே வெள்ளையாக இருக்கும்.

பிறகு பக்க எண். முன்னால் பத்து, பின்னால் பத்து, நடுவில் இரண்டு இடம் எண்ணினால் போதும். பட்டியல் போட்ட படத்தாள்கள் இருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், சட்டம் போட்டு மாட்டுவதற்காகப் படத்தை மட்டும் உருவியிருப்பார்கள். பழைய பயண நூலில் மடித்து ஒட்டிய வரைபடம் காணாமல் போவது சர்வ சாதாரணம். ஒட்டிய இடத்தில் கிழிந்த விளிம்பு மட்டும் மிச்சமிருக்கும்.

அசலா, 'மெய்த்தூ'வா என்று தெரிந்துகொள்வது அடுத்த வேலை. நகலுக்குப் பர்மியச் சொல் அது. கிடைக்காத புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டுக் கட்டி விற்பது இங்கே பழைய வழக்கம், அதை ஒளிக்கவும் மாட்டார்கள். புகைப்படம் கரும்பட்டையாக இருக்கும், பக்க ஓரத்தில் நிழற்கோடு விழும், முதுகை ஒட்டிய எழுத்துகள் வளைந்து உள்ளே ஓடும். கதைக்கும் கட்டுரைக்கும் மெய்த்தூ தாராளமாகப் போதும். மூன்று வகைக்குப் போதாது. ஒன்று, நிறம் பொருள் சொல்லும் புத்தகம். உடற்கூறு அட்லஸில் சிவப்புத் தமனியும் நீலச் சிரையும் ஒரே சாம்பல் ஆகிவிட்டால் அது வெறும் கோட்டுச் சித்திரம். இரண்டு, அளவு பொருள் சொல்லும் புத்தகம். வரைபடத்தின் அடியில் '1:50' என்று எழுதியிருக்கும், நகலெடுக்கும்போது தாளுக்குள் அடங்க வேண்டும் என்று சுருக்கியிருப்பார்கள், ஸ்கேல் வைத்து அளந்தால் எல்லாம் குறையும். அளவுக்கோடு வரைந்திருந்தால் அதுவும் சேர்ந்தே சுருங்கியிருக்கும், அதை வைத்துக் கணக்கிடலாம். எண் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள்.

மூன்றாவது வகை அகராதி. இதைப் பலர் யோசிப்பதில்லை. பர்மிய எழுத்தின் அடியில் வைக்கும் ஒற்றைப் புள்ளி ஒலியை மாற்றும், ஒலி மாறினால் பொருளே மாறும். மங்கிய நகலில் அந்தப் புள்ளி காணாமல் போகும். அழுக்குக் கண்ணாடியில் எடுத்த நகலிலோ இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கும். தமிழிலும் மெய்யெழுத்துப் புள்ளிக்கு இதே கதிதான், ஆனால் தமிழ் தெரிந்தவர் இடம் பார்த்து ஊகித்துவிடுவார். பர்மியம் கற்க அகராதி வாங்குகிறவருக்கு ஊகிக்க வழியில்லை. மியன்மார் மொழி ஆணையத்தின் 1993 பர்மிய–ஆங்கில அகராதிக்கும் நகல்கள் கிடைக்கும். கூடுதல் காசு கொடுத்தாவது அச்சுத் தெளிவான பிரதியை எடுங்கள். அகராதியைச் சோதிக்க மூன்று சொல் போதும்: பத்துப் பொருள் உள்ள ஒரு சாதாரண வினைச்சொல், சமையலறைச் சொல் ஒன்று, எழுத்து வரிசையில் கடைசியில் வரும் ஒரு சொல். முதலாவது பொருள்களைப் பிரித்து எடுத்துக்காட்டோடு தருகிறதா என்று காட்டும். இரண்டாவது வீட்டுக்கு உதவுமா என்று காட்டும். மூன்றாவது கடைசித் தாள்கள் இருக்கின்றனவா என்று காட்டும்.

வருடம் கண்டுபிடிப்பது தனிக் கலை. பர்மியப் புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கம் மிக உபகாரமானது: மாதம், எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, விலை எல்லாம் இருக்கும். பர்மிய ஆண்டு மட்டும் போட்டிருந்தால் 638 கூட்டுங்கள், 1300 என்றால் 1938. தணிக்கைக் காலத்துப் புத்தகங்களில் கையெழுத்துப் பிரதிக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று என்று அனுமதி எண்கள் இருக்கும். முன்கூட்டித் தணிக்கை 2012 ஆகஸ்டில் முடிந்தது, ஆகவே அந்த எண்கள் இருந்தால் அதற்கு முந்தியது. 1990, 2000-களில் வந்தவற்றில் முன்பக்கத்தில் 'நம் கடமை மூன்று' என்ற அரசு வாசகமும் சேர்ந்திருக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் பதிப்பாளர் விலாசம் உதவும்: டல்ஹௌசி தெரு (இன்றைய மகா பண்டுல ரோடு), பிரேசர் தெரு (அனோரத்தா ரோடு), நம்மவர்கள் இன்றும் வாய்தவறிச் சொல்கிற மொகல் தெரு (ஷ்வே போந்தா) என்று இருந்தால் பழசு. ரங்கூன் என்ற ஊர்ப் பெயர் அதிகாரபூர்வமாக யாங்கோன் என்று மாறியது 1989-இல்.

வருடம் எதற்கு என்றால், முதலில் மருத்துவத்துக்கு. எலும்பும் தசையும் மாறுவதில்லை, இருபது வருடப் பழைய உடற்கூறு நூல் இன்றும் நல்ல முதல். மருந்து நூல் அப்படி இல்லை. எல்லா மலேரியாவுக்கும் குளோரோகுயின் என்று எழுதிய கையேடு இந்த வரிசையில் இன்னும் கிடைக்கிறது. பால்சிபாரம் மலேரியா அந்த மருந்துக்கு அடங்காமல் போய்ப் பல காலம் ஆகிறது, இன்று ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்துதான் முறை. முதலுதவிப் புத்தகத்தை வாங்குமுன் மூன்று பக்கம் திருப்புங்கள். இதய அழுத்தப் பக்கத்தில் பெரியவர்களுக்கு 15 அழுத்தம், 2 மூச்சு என்றிருந்தால் அது 2005 மாற்றத்துக்கு முந்தியது. இப்போது 30-க்கு 2, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். முதலில் மூச்சுப்பாதை, கடைசியில் அழுத்தம் என்ற வரிசையில் சொன்னால் 2010-க்கு முந்தியது. பாம்புக்கடிப் பக்கத்தில் கீறு, உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்றிருந்தால் உடனே கீழே வையுங்கள். கண்ணாடி விரியன், பர்மியத்தில் 'ம்வேப்வே', இந்த நாட்டு வயல்களில் அன்றாட ஆபத்து. அதன் விஷம் ரத்தம் உறைவதையே கெடுக்கிறது, கீறினால் ரத்தம் நிற்காது, இறுக்கிக் கட்டினால் கால் அழுகும். கடிபட்ட காலை அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுதான் வழி. தீக்காயப் பக்கம் கடைசி: ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் என்று இருக்க வேண்டும். வெண்ணெய், மஞ்சள் என்று இருந்தால் அந்தப் புத்தகம் மற்ற பக்கங்களிலும் அப்படித்தான்.

மின்சாரப் புத்தகத்தில் வருடத்தோடு நாட்டையும் பாருங்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய பிரிட்டிஷ், இந்தியப் புத்தகங்களில் சிவப்பு பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்), கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். 2004-க்குப் பிந்திய பிரிட்டிஷ் புத்தகங்களில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை–மஞ்சள் எர்த். அமெரிக்கப் புத்தகத்திலோ கறுப்பில்தான் மின்சாரம் ஓடும், வெள்ளை நியூட்ரல், அதுவும் 120 வோல்ட். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே விலைக்குக் கிடக்கும். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துக் கறுப்பு ஒயரை பேஸில் கொடுத்துவிட்டால், பிரிட்டிஷ் முறையில் கற்ற அடுத்த எலக்ட்ரீஷியன் அதை நியூட்ரல் என்று நினைத்துக் கை வைப்பார். புத்தகம் எதைச் சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது. கோட்பாட்டுப் பகுதிக்காக, ஓம் விதி, மோட்டார் சுற்று இவற்றுக்காக, எந்த நாட்டுப் புத்தகமும் வாங்கலாம்.

சமையல் புத்தகத்தில் நம்மவர்கள் ஏமாறுவது அளவில். பழைய தமிழ்ச் சமையல் நூலில் 'வீசை' என்றால் அது சென்னை வீசை: நாற்பது பலம், சுமார் 1.4 கிலோ. இங்கே பர்மியப் பெய்த்தாவையும் நாம் வீசை என்றே சொல்கிறோம், அது 1.63 கிலோ. இரண்டுக்கும் 230 கிராம் வித்தியாசம். குழம்புக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு வீசை மாங்காய்க்கு இவ்வளவு உப்பு என்று போடும் ஊறுகாயில் உப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்து, இரண்டு மாதத்தில் பூஞ்சை கட்டும். பலமும் அப்படியே: தமிழ்ப் பலம் 35 கிராம், வீசையில் நூறில் ஒரு பங்கான பர்மியச் 'சத்தா' 16 கிராம் சொச்சம். பர்மியச் சமையல் நூலில் அரிசி அளவு கெட்டிப்பால் டின்னில் இருக்கும், எட்டு டின் ஒரு 'ப்யி'. படி, ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தமிழ் நூலில் அரிசியும் தண்ணீரும் ஒரே பாத்திர அளவில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் எந்த டம்ளரை வைத்தும் சமைத்துவிடலாம். இன்னொரு சோதனை: ஏதாவது ஒரு குறிப்பின் பொருள் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே செய்முறையைப் படியுங்கள். பட்டியலில் உள்ள தேங்காய் செய்முறையில் வரவே இல்லை என்றால் எழுதியவர் சமைத்துப் பார்க்காமல் எழுதியது. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களைக் குறையாக நினைக்காதீர்கள், முந்தைய வீட்டில் எந்தக் குறிப்பு வேலை செய்தது என்று அதுவே சொல்கிறது.

பஞ்சாங்கத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்க யாரும் வரமாட்டார்கள், வருடம் முடிந்தால் அதன் கதை முடிந்தது. ஆனால் நூறு வருடப் பஞ்சாங்கத் தொகுப்புகள் வரும், ஜாதகம் கணிப்பவர்கள் தேடுவார்கள். வாக்கியமா (பழைய வாய்ப்பாட்டுக் கணக்கு), திருக்கணிதமா (திருத்திய வானியல் கணக்கு) என்பது முதல் கேள்வி, இரண்டையும் கலந்தால் திதி முடியும் நேரமே மாறும். அடுத்தது மணி. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் இருக்கும், மியன்மார் நேரம் ஒரு மணி முந்தியது. திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தோடு ஒரு மணி கூட்ட வேண்டும். ராகு காலம், எமகண்டம் சூரிய உதயத்தை வைத்து வருவதால் கூட்டக் கூடாது. ரங்கூன் சென்னைக்குக் கிட்டத்தட்ட 16 பாகை கிழக்கே இருக்கிறது, சூரியனும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல் முந்தி உதிக்கிறது, கடிகாரமும் ஒரு மணி முந்தியிருக்கிறது. இரண்டும் கழிந்து சில நிமிட வித்தியாசம்தான் மிச்சம். எல்லாவற்றோடும் ஒரு மணி கூட்டிக்கொண்டு நல்ல நேரத்தைத் தவறவிடுபவர்கள் இங்கே நிறையப் பேர்.

தமிழ்ப் புத்தகம் என்று வந்தால் இந்த வரிசையை மட்டும் நம்பி வரக் கூடாது, கிடைத்தால் யோகம். எழுத்தைப் பார்த்தே காலம் சொல்லலாம்: லை, னை, ணை யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில், ணா, றா, னா வளைந்த பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. கோயில் வகுப்பில் புது எழுத்துக் கற்கும் பிள்ளைகளுக்கு இவற்றை நேராகக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்கள். ஏழெட்டு எழுத்துதான், ஒரு துண்டுத்தாளில் பழசும் புதுசும் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள், ஒரு வாரத்தில் ஓடிவிடும். வருடம் தமிழ்ப் பெயரில் இருந்தால் அறுபது வருடச் சுழற்சியை நினைவில் வையுங்கள். விஷு என்றால் 1941-ஆகவும் இருக்கலாம், 2001-ஆகவும் இருக்கலாம். தாளைத் தொட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

தேவாரம், திருப்புகழ் போன்றவற்றில் வாசகர் இரண்டு வகை. பொருள் தேடுபவருக்குப் பதம் பிரித்து அச்சிட்டது வேண்டும். சந்நிதியில் ஓதுபவருக்குச் சந்தம் கெடாத, பெரிய எழுத்துப் பதிப்பு வேண்டும். ஒன்றை வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் அலமாரியில்தான் தூங்கும். வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு கிடைத்தால் அத்தியாய எண்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள், நடுவில் ஒரு வாரம் நிச்சயம் விட்டிருக்கும். அந்த வாரம் கதைக்கு முக்கியமானதாக இருப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

ரங்கூனிலேயே அச்சான போருக்கு முந்திய தமிழ் வெளியீடு, உதாரணமாக வெ. சாமிநாத சர்மா இங்கிருந்து நடத்திய 'ஜோதி' மாத இதழின் ஒரு பிரதி, கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். 1941 டிசம்பர் 23-இல் இந்த நகரில் குண்டு விழுந்தது, அடுத்த சில மாதங்களில் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே இந்தியா போனார்கள். 1964 தேசியமயத்துக்குப் பின் மறுபடி ஒரு வெளியேற்றம். கையில் எடுத்துப் போனவர்கள் புத்தகத்தையா எடுத்திருப்பார்கள்? மிச்சம் இருப்பது அவ்வளவு குறைவு. அந்த மாதிரிப் பிரதிக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, பசை பழுத்து எழுத்தைத் தின்னும். உதிரித் தாளை வெள்ளைத் தாள் உறையில் வைத்தால் போதும். இன்னொரு எச்சரிக்கை: 2015 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரும். பனையோலை, மடிப்பேடு போன்றவற்றை வாங்கிப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டமிட வேண்டாம்.

மீதித் துறைகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பர்மிய டைப்பிங், கம்ப்யூட்டர் புத்தகம்: 2019 அக்டோபரில் நாடு ஜோஜி என்ற பழைய எழுத்துரு முறையை விட்டு யூனிகோடுக்கு மாறியது, அதற்கு முந்தியது பழைய தாளுக்குச் சமம். பள்ளிக் கைட்: 2016 முதல் மழலை வகுப்போடு பன்னிரண்டு வகுப்பு முறை படிப்படியாக வந்துவிட்டது, பழைய பத்தாம் வகுப்புக் கைடுகளில் கணக்குப் பயிற்சி மட்டும் உதவும். சட்டம்: கம்பெனிச் சட்டம் 1914-இனுடையது போய் 2017 சட்டம் 2018 ஆகஸ்டு முதல் நடப்பில் இருக்கிறது. பழசை வைத்து விண்ணப்பம் எழுதினால் திரும்பி வரும். சட்ட நூலில் முதலில் திருப்ப வேண்டியது திருத்தப் பட்டியல். நாவலுக்கு எந்த விதியும் இல்லை, கடைசிப் பக்கம் இருந்தால் போதும்.

துறை எதுவானாலும் அறிவு நூலில் கடைசியாக ஒன்று: பின்னால் பொருளடைவு இருக்கிறதா? படிக்கும் புத்தகத்துக்கு முன்பக்க உள்ளடக்கம் போதும். தேடும் புத்தகத்துக்கு அகர வரிசை அடைவு வேண்டும். அடைவில் ஏதாவது ஒரு சொல்லை எடுத்து அது சொல்லும் பக்கத்துக்குப் போங்கள். சொல் அங்கே இல்லை என்றால் பழைய பதிப்பின் அடைவைப் புதுப் பதிப்பில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். மறுபதிப்புகளில் இந்தத் திருட்டுத்தனம் அதிகம்.

விலை விஷயத்தில், பின்னட்டையில் அச்சிட்டிருப்பதற்கும் கேட்பதற்கும் சம்பந்தம் இருக்காது. சாட் (பர்மிய நாணயம்) மதிப்பு விழுந்ததும் தாள் விலை ஏறியதும் காரணம். 'ஷோ பேபா' என்று ஒருமுறை கேட்டால் கொஞ்சம் குறைப்பார்கள். மூன்று நான்கு சேர்த்து எடுத்தால் இன்னும் குறையும். காணாமல் போன தாளையும் விட்ட முதுகையும் காட்டிக் கேட்பது நியாயமான பேரம், வெறுமனே பாதி விலைக்குக் கேட்டால் மூஞ்சி திருப்பிவிடுவார்கள். சிலர் கேட்ட புத்தகத்தை எங்கிருந்தாவது தேடி வைத்துத் தருகிறார்கள். இந்த வரிசையின் ஆகச் சிறந்த சேவை அதுதான், புது மால் கடைகளில் கிடைக்காதது. ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொடுத்து, அசலா மெய்த்தூவா என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகத்தை நேராக அலமாரியில் வைக்க வேண்டாம். நடைபாதையில் கிடந்ததில் வெள்ளிப்பூச்சியும் புத்தகப் பேனும் வரும். மூடிய பிளாஸ்டிக் பையில் இரண்டு வாரம் தனியாக வையுங்கள், பையின் அடியில் தூளோ உமியோ சேர்ந்தால் பூச்சி இருக்கிறது. பூச்சி நூல்களை 20 டிகிரி உறைநிலைக்குக் கீழே ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதுதான் நூலக முறை. இங்கே கரண்ட் போகிற போக்கில் வீட்டு ப்ரீசரில் அது நடக்காது, பாதி உருகிப் பாதி உறைந்து பைக்குள் தண்ணீர்தான் கோக்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி மெல்லிய தூரிகையால் வெளியே வைத்துத் தட்டுவது மேல். பூஞ்சை மணம் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்து பக்கங்கள் அலை அலையாகும். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு முறை வெள்ளை டிஷ்யூ செருகி, மின்விசிறிக் காற்றில் நிமிர்த்தி விரித்து வையுங்கள், டிஷ்யூவை மணிக்கொருமுறை மாற்றுங்கள். அச்சுத்தாளைச் செருகினால் மை ஏறிவிடும். மெய்த்தூவுக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போடக் கூடாது, டோனர் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு தாள் வெறுமையாகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும், 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடைக்காரர்களும் மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்திவிடுவதால் அந்த மாதங்களில் முதுகு பார்ப்பதே கஷ்டம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முற்பகலில் போனால் தாளும் காய்ந்திருக்கும், ஓரமாக உட்கார்ந்து பக்கம் எண்ணிப் பார்க்கவும் கடைக்காரர் விடுவார்.